மேலாளர் நாற்காலியும் பெயரில்லாத மூன்று பெண்களும்

எம்.பி.ஏ. படிக்கும் பெண்கள் இரண்டு ஆண்டுகளில் ஏராளமான கதைகளைப் படித்து முடிக்கிறார்கள். அவற்றைக் கதை என்று யாரும் அழைப்பதில்லை. ‘கேஸ்’ என்கிறார்கள். பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும், பின்னால் அட்டவணைகள் இருக்கும். ஒரு நிறுவனம், அதற்கு ஒரு நெருக்கடி, முடிவெடுக்க வேண்டிய ஒருவர். பெரும்பாலான கேஸ்களின் முதல் பத்தியில் அவர் தன் அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார். கடைசிப் பத்தியிலும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். நடுப்பக்கங்களை இரவு கண்விழித்துப் படித்துவிட்டு வரும் மாணவியிடம் ஆசிரியர் கேட்பார்: “அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் வரும் ‘நீங்கள்’ என்ற சொல்லைப் பற்றியது.

நாவலையும் சினிமாவையும் விளம்பரத்தையும் பெண்ணிய நோக்கில் வாசிக்க நாம் பழகியிருக்கிறோம். மேலாண்மைக் கல்லூரியின் கேஸ்களை அப்படி வாசிப்பது அரிது. அவை தகவல், பாடம், பரீட்சைக்கானவை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் யாருக்கு எவ்வளவு சம்பளம், இரவுப் பணிக்கு யார், ஆட்குறைப்பில் முதலில் யார் பெயர் என்று நாளைக்குத் தீர்மானிக்கப்போகும் பெண்கள் அந்த வேலைக்கு இந்தக் கதைகளின் வழியாகத்தான் பழக்கப்படுகிறார்கள். ஒரு கதை யாருடைய கண்ணால் உலகைப் பார்க்கச் சொல்கிறது என்ற கேள்வி இலக்கியத்தில் ரசனை சார்ந்ததாக நின்றுவிடலாம். இங்கே அது யாரோ ஒருத்தியின் கூலியைத் தொடுகிறது.

ஒரே ஒரு நாற்காலி

‘கேஸ்’ என்ற சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கிறிஸ்டோபர் லாங்டெல், சட்டத்தை விதிகளாக ஒப்பிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, நடந்து முடிந்த வழக்குகளை மாணவர்களோடு விவாதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி அந்த முறையை இரவல் வாங்கியது. அங்கே எழுதப்பட்ட முதல் கேஸாகச் சொல்லப்படுவது 1921ஆம் ஆண்டின் ‘ஜெனரல் ஷூ கம்பெனி’. ஒரே பக்கம்தான். ஆலையில் தொழிலாளர்கள் வேலை நேரம் முடிவதற்கு முன்பே வேலையை நிறுத்திவிடுகிறார்கள், நிர்வாகம் என்ன செய்யலாம் என்பது அதன் சிக்கல்.

இரவல் வாங்கியபோது ஒன்று கைநழுவிப்போனது. நீதிமன்ற வழக்கில் குறைந்தது இரண்டு தரப்பு உண்டு. வாதி சொல்வதும் பிரதிவாதி சொல்வதும் ஏட்டில் ஏறும். சட்ட மாணவி இரண்டு பக்கமும் நின்று வாதாடிப் பழகுவாள். வணிகப் பள்ளியின் கேஸில் ஒரு தரப்புதான். ஷூ ஆலைத் தொழிலாளி ‘பிரச்சினை’, நிர்வாகி ‘நீங்கள்’. வழக்கு என்ற பெயர் மட்டும் மிஞ்சி, எதிர்த்தரப்பு காணாமல்போன வடிவம் இது. அதில் ஒரு நாற்காலிதான் போடப்பட்டிருக்கிறது. படிப்பவர் யாராக இருந்தாலும் அதில் போய் உட்கார்ந்தால்தான் பேச முடியும்.

பேசாமலும் இருக்க முடியாது. ஹார்வர்டில் பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதி, வகுப்பில் பேசுவதற்குத்தான். நம் ஊர்க் கல்லூரிகளில் அந்த விகிதம் குறைவு. ஆனாலும் யார் சத்தமாக, தயங்காமல், அந்த நிர்வாகியின் குரலில் பேசுகிறார்களோ அவர்களையே ‘லீடர்ஷிப் குவாலிட்டி’ உள்ளவர்கள் என்கிறோம்.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால்

அந்த நாற்காலி நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஹார்வர்டின் ஆசிரியர்கள் 1937 முதல் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் பெண்களுக்கென்று தனியே ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஆளுகை நிர்வாகம், அதாவது பணியாளர்களைக் கவனித்துக்கொள்வது பற்றியது அது. இரண்டாண்டு எம்.பி.ஏ. வகுப்பின் முதலாண்டில் பெண்கள் நேரடியாகச் சேர்க்கப்பட்டது 1963இல்தான். அந்த ஆண்டு எட்டுப் பேர்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், அந்தப் பள்ளி தன்னைத் தானே எப்படிச் சோதித்துக்கொண்டது என்று நியூயார்க் டைம்ஸ் ஒரு நீண்ட செய்தி வெளியிட்டது. ஆண்களுக்கு நிகரான தேர்வு மதிப்பெண்ணோடு உள்ளே வரும் பெண்கள், படிப்பு தொடங்கியதும் பின்தங்கிப்போனார்கள். தேர்வில் அவர்களுக்குக் குறையில்லை. வகுப்பில் பேசுவதற்கான மதிப்பெண்ணில்தான் இறக்கம். யார் என்ன பேசினார்கள் என்பது ஆசிரியரின் நினைவை மட்டுமே நம்பியிருந்ததால், பேச்சைப் பதிவுசெய்யச் சுருக்கெழுத்தர்களை வகுப்பில் உட்காரவைத்தார்கள். கை உயர்த்துவது எப்படி என்று பெண்களுக்குத் தனிப் பயிற்சி தந்தார்கள். பெண்களின் மதிப்பெண் ஏறியது.

2014 ஜனவரியில் அப்பள்ளியின் தலைவர் நிதின் நோரியா, பள்ளி பெண்களை நடத்திய விதத்துக்காக முன்னாள் மாணவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ராஜஸ்தானில் பிறந்து பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர் அவர். அப்போது ஹார்வர்டு கேஸ்களில் பெண் முதன்மைப் பாத்திரமாக வருவது ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஐந்து ஆண்டுகளில் அதை 20 விழுக்காடு ஆக்குவதாக உறுதி கூறினார். உலகின் மேலாண்மை வகுப்பறைகளில் பயன்படும் கேஸ்களில் மிகப் பெரும்பான்மை அந்த ஒரு பள்ளி அச்சிட்டவை என்பதால், இது ஒரு பள்ளியின் உள்விவகாரமாக நின்றுவிடவில்லை.

வரவேற்க வேண்டிய உறுதிமொழிதான். ஐந்தில் ஒன்று என்பதே ஓர் இலக்காக இருக்க வேண்டிய நிலை எவ்வளவு பரிதாபமானது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். ஆனால் எண்ணிக்கை கூடினால் போதுமா என்பதற்கு, அதே பள்ளியின் இன்னொரு கேஸ் விடை வைத்திருக்கிறது.

ஹெய்டி ராய்ஸன் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொழில்முனைவோராக இருந்து முதலீட்டாளர் ஆனவர். தன் விரிந்த நட்பு வட்டத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் பெயர்பெற்றவர். அவரைப் பற்றி ஹார்வர்டு 2000இல் ஒரு கேஸ் வெளியிட்டது. 2003இல் கொலம்பியா வணிகப் பள்ளியின் ஃபிராங்க் ஃபிளின், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேமரன் ஆண்டர்சனோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். மாணவர்களில் ஒரு பாதிக்கு அதே கேஸ். மறு பாதிக்கு, ‘ஹெய்டி’ என்ற பெயரை ‘ஹோவர்டு’ என்று மாற்றிய கேஸ். இருவரும் திறமைசாலிகள் என்று இரு பாதியும் ஒப்புக்கொண்டது. ஹோவர்டு பழக இனியவர், அவரோடு வேலை செய்யலாம் என்றார்கள். ஹெய்டி சுயநலக்காரி, அவளை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். ஷெரில் சாண்ட்பெர்க் 2013இல் தன் ‘லீன் இன்’ நூலில் இதை எடுத்துச்சொன்ன பிறகு சோதனை உலகப் புகழ் பெற்றது.

சாண்ட்பெர்க் இதிலிருந்து, வெற்றிபெறும் பெண்ணை உலகம் விரும்புவதில்லை என்ற முடிவுக்கு வருகிறார். அது உண்மை. கதை வாசிப்பவர்களாக நாம் இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, இவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இவரோடு வேலை செய்வீர்களா என்பது. ஹெய்டிக்கோ ஹோவர்டுக்கோ கீழே வேலை செய்தவர்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சோதனையிலேயே இடமில்லை. நாற்காலியில் உட்காருபவர் ஆணா பெண்ணா என்று சண்டை போடுகிறோம். நாற்காலி எதன் மேல் போடப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

அகமதாபாத்துக்கு வந்த பாதை

இந்தக் கதைவடிவம் நமக்கு வந்த பாதையிலும் ஒரு பெண் இருக்கிறார். 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டபோது ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஹார்வர்டு வணிகப் பள்ளி அதற்குக் கைகொடுத்தது. கேஸ் முறை அங்கேதான் இந்தியாவில் வேரூன்றியது. விக்ரம் சாராபாய் மதிப்புறு இயக்குநர். அணுசக்தி, விண்வெளி, ஜவுளி ஆராய்ச்சி என்று பல திசைகளில் ஓடிக்கொண்டிருந்தவர் அவர். நிறுவனத்தை அன்றாடம் கட்டி எழுப்பிய பொறுப்பில் பெரும்பங்கு கமலா சௌத்ரியுடையது. லாகூரில் பிறந்தவர், இளம் வயதில் கணவரை இழந்தவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர். அகமதாபாத் ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் ஆலைத் தொழிலாளர்களிடையே ஆய்வு செய்த அனுபவத்தோடு வந்தவர். புதிய நிறுவனத்தின் முதல் பேராசிரியர் அவர்தான். பாடத்திட்டங்களை ஒருங்கிணைத்தவரும் அவர்தான்.

1965இல் முதல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் நியமிக்கப்பட்டார். அவர் சிறந்த இயக்குநராக இருந்தார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கமலா சௌத்ரி பின்னர் வேறு பணிகளுக்குச் சென்றார், தரிசு நில மேம்பாட்டில் தேசிய அளவில் பெயர் பதித்தார். அந்த நிறுவனத்தின் நினைவில் சாராபாய்க்கும் மத்தாய்க்கும் கிடைத்த இடம் அவருக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. இந்திய மேலாண்மைக் கல்வியின் தொடக்கக் கதையையே ஒரு கேஸாக எழுதினால் முதல் பத்தியில் யார் யோசித்துக்கொண்டிருப்பார்? பெரும்பாலும் சாராபாய்தான் இருப்பார். வேலை செய்தவர் ஒருவர், கதையின் நாயகர் மற்றொருவர். கேஸ் என்ற வடிவம் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த கதைக்கே இந்தக் குறை உண்டு.

மதுரையில் காலை ஏழு மணி

இனி ஒரு கேஸை நெருங்கி வாசிப்போம். நமக்கு அண்டையில் நடப்பது என்பதால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய கேஸை எடுத்துக்கொள்கிறேன். ஹார்வர்டின் வி. கஸ்தூரி ரங்கன் எழுதி 1993இல் வெளிவந்தது. உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் நடத்தப்படுவது. கோயம்புத்தூரில் பிறந்து அகமதாபாத் நிறுவனத்தில் படித்த சி.கே. பிரகலாத், ஏழைகளைச் சந்தையாகப் பார்க்கச் சொன்ன தன் 2004ஆம் ஆண்டு நூலிலும் இதே மருத்துவமனையை முன்மாதிரியாக நிறுத்தினார்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம், முடியாதவர்களுக்கு இலவசம், இருவருக்கும் அதே மருத்துவர், அதே அறுவைச் சிகிச்சை. லட்சக்கணக்கான ஏழைகள் பார்வை பெற்றார்கள். அந்த மருத்துவமனையின் சாதனையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அந்தச் சாதனை எப்படிக் கதையாக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

கேஸின் தொடக்கம் அசாதாரணமானது. முடிவெடுக்கும் பெரியவரின் அறையில் அது தொடங்கவில்லை. எழுதியவர் காலை ஏழு மணிக்கே வெளிநோயாளிகள் பகுதிக்கு வந்து நிற்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டோர் இரண்டு வரிசைகளில் காத்திருக்கிறார்கள். இரண்டு இளம்பெண்கள், துணைக்கு இன்னொருத்தி என மூன்று பேர் மளமளவென்று நோயாளிகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். எந்த ஊர், என்ன வயது என்று கேட்கிறார்கள். கதைக்குள் நாம் முதலில் பார்க்கும் உழைப்பு இந்த மூவருடையது.

அவர்களுக்குப் பெயர் இல்லை. மருத்துவமனை நிர்வாகி பெயரோடு வருகிறார். மருத்துவர்கள் பெயரோடு வருகிறார்கள். வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியாரும் பெயரோடுதான் வருகிறார். ஆகவே பெண் என்பதால் மட்டும் பெயர் போகவில்லை. பெண்ணாக இருந்து, கிராமத்திலிருந்து வந்து, பட்டமில்லாமல் கவுண்டரில் நின்றால் பெயர் போகிறது. எத்தனை விழுக்காடு பெண்கள் என்று எண்ணும் உறுதிமொழி இந்தக் கோட்டைப் பார்க்காது.

இந்த இளம்பெண்கள் ஓரத்துப் பாத்திரங்கள் அல்ல. மருத்துவமனையின் முறையே அவர்கள்மேல்தான் நிற்கிறது. பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைப் பதினெட்டு வயதை ஒட்டித் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியை அறுவைக்குத் தயார்செய்வது, கருவிகளை எடுத்துத் தருவது, பிறகு நோயாளிக்கு விளக்கிச்சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடிவதற்குள் மற்றதில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போவார். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைச் சிகிச்சைகள் வரை செய்வது இப்படித்தான் சாத்தியமாகிறது. அந்த மருத்துவமனையே இவர்களைத் தன் முதுகெலும்பு என்று சொல்கிறது.

வகுப்பறை என்ன சொல்கிறது? வெங்கடசாமிக்கு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் செயல்முறைமேல் இருந்த வியப்பைப் பேசும். மருத்துவரின் நேரம்தான் விலை உயர்ந்தது, அதை மிச்சப்படுத்தும்படி மற்ற வேலைகளைப் பிரித்தது புத்திசாலித்தனம் என்று பேசும். இந்த முறையை நாடெங்கும் எப்படி விரிவாக்குவது என்று விவாதிக்கும். ‘குறைந்த செலவில் பயிற்சி பெற்ற பணியாளர்கள்’ என்ற ஒரு வரிக்குள் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மடித்துவைக்கப்படுவார்கள்.

நான் பாடம் நடத்திய ஒரு கல்லூரியில் இந்தக் கேஸை எடுத்தபோது, முதல் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலிடச் சொன்னேன். பத்து நிமிடம் வரை அந்த மூவரை யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு மாணவி, “கவுண்டர்ல மூணு பேர் இருக்காங்க மேடம். எங்க சித்தி வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில அந்த வேலைதான் பாக்குறாங்க. சாயங்காலம் கால் ரெண்டும் வீங்கியிருக்கும்” என்றாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: “அத எந்த எக்ஸிபிட்ல போடுறது?”

வகுப்பு சிரித்தது. ஆனால் அந்த ஆண்டு அந்த அறையில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. வீங்கிய காலுக்கு அட்டவணை இல்லை. காத்திருப்பு நேரத்துக்கு உண்டு, படுக்கை எண்ணிக்கைக்கு உண்டு, வரவு செலவுக்கு உண்டு. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்து, முதல்முறையாகத் தன் பெயரில் சம்பளம் வாங்கியபோது அவளுக்குள் என்ன நடந்தது என்பதற்கும் அட்டவணை இல்லை. அவளை வெறும் பலியாகப் பார்க்கவும் கூடாது. அந்த வேலை அவளுக்கு மரியாதையும் விடுதலையும் தந்திருக்கலாம், தன் திருமணத்தைப் பற்றிப் பேசும் துணிவைத் தந்திருக்கலாம். அவளிடம் கேட்டால்தானே தெரியும்? கேஸ் அவளிடம் கேட்பதில்லை.

ஏழு பேர் முடிவெடுத்தால்

ஒருவர் யோசிக்கிறார், ஒருவர் முடிவெடுக்கிறார் என்ற வடிவத்துக்குள் அடங்காத பெண்களின் வரலாறும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் பாப்பட். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதன் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் உரிமையாளர், லாபத்தில் பங்கு உண்டு. காலையில் கிளைக்குப் போய், பிசைந்த மாவை வாங்கி வந்து, வீட்டில் இட்டுக் காயவைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள்.

மேலாண்மை வகுப்புகளில் லிஜ்ஜத்தின் கதையும் சொல்லப்படுகிறது. சொல்லும்போது வடிவம் திணறுகிறது. நாயகி யார்? ஏழு பேரில் ஒருவரைப் பிடித்து ‘தொழில்முனைவோர்’ ஆக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அது ‘பெண்களுக்கு அதிகாரமளித்தல்’ என்ற சமூகசேவைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பலர் சேர்ந்து, பேசி, இணங்கி முடிவெடுப்பதும் ஒரு மேலாண்மைதான் என்று கற்றுத்தர இந்த வடிவத்தில் இலக்கணம் இல்லை.

லிஜ்ஜத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அப்பளம் இடும் வேலை வீட்டுக்குள் நடக்கிறது. அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே இடுகிறாள். வீட்டு வேலையில் ஆணுக்குப் பங்கு கேட்காமலேயே இந்த அமைப்பு இயங்க முடிகிறது. உரிமையாளராகவும் துண்டுக்கூலித் தொழிலாளியாகவும் ஒருத்தியே இருப்பதன் சிக்கல் அது. நல்ல கேஸ் என்றால் இந்த முரண்பாட்டைத்தான் வகுப்பின் நடுவில் வைக்க வேண்டும்.

திண்டுக்கல்லை எப்படி எழுதுவது?

எதிர்த்தரப்பையும் உள்ளே கொண்டுவந்தால் கேஸ் எப்படி மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

மேற்கு, தென் மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ எப்படி நடந்தது என்று நமக்குத் தெரியும். ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் நின்றால் அந்தத் தொகை கிடைக்காமல் போகும். இதை வழக்கமான கேஸாக எழுதினால் நாற்காலியில் ஆலையின் மனிதவள மேலாளர் இருப்பார். கேள்வி, “ஆள் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?” என்பதாக இருக்கும். மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்பது அந்தக் கேள்விக்கு ஒரு ‘புதுமையான தீர்வு’. அந்த வகுப்பில் இருக்கும் மாணவி, தன் வயதுப் பெண்ணைப் பிடித்துவைப்பதற்கான திட்டத்தை வரைந்து நல்ல மதிப்பெண் வாங்குவாள். வாங்கும்போது அவளுக்கு உறுத்தாது. உறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் ‘நீங்கள்’ என்ற சொல்லின் வேலை.

இப்போது இன்னொரு கதை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியின் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்த ஆலையில் பெண்கள் நெடுநாளாகப் பாலியல் தொல்லைக்கு ஆளாகிவந்தது அதன் பின் வெளியே தெரிந்தது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் போராடியது. ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணி முதலிய அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. சங்கமும் ஆலை உரிமையாளரும் மட்டுமல்லாமல் எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் அதில் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த தொழிலாளர்கள் உற்பத்தித் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். புகாரின்மேல் நடவடிக்கை எடுக்காவிட்டால் ஆலைக்கு வரும் ஆர்டர் பாதிக்கப்படும்.

இதை ஒரு கேஸாக எழுதச் சொன்னால் முதல் பத்தியில் யாரை உட்காரவைப்பீர்கள்? ஆலை முதலாளியையா, நியூயார்க்கில் உள்ள கொள்முதல் அதிகாரியையா, சங்கத் தலைவியையா, மேற்பார்வையாளரைப் பற்றிப் புகார் சொல்லலாமா வேண்டாமா என்று இரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசிக்கும் தையல் தொழிலாளியையா? அவளும் முடிவெடுக்கிறாள். அவளிடமும் முழுத் தகவல் இல்லை, நேரம் குறைவு, தவறினால் இழப்பு பெரிது. கேஸ் முறை எந்தத் திறமையைக் கற்றுத்தருவதாகச் சொல்கிறதோ அது அவளுக்கும் தேவைப்படுகிறது. பயிற்சியில்லாமலே அவள் அதைச் செய்கிறாள்.

ஒரு மறுப்பு

மேலாண்மைக் கல்லூரி மேலாளர்களை உருவாக்கத்தானே இருக்கிறது, சங்கத் தலைவர்களை உருவாக்கவா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டணத்துக்குக் கல்விக் கடன் வாங்கி, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்குப் போகப்போகும் பெண்களும் இப்படிக் கேட்கிறார்கள். “எங்களுக்கு அந்த நாற்காலி கிடைப்பதே பெரிது, அதைக் கேள்வி கேட்கச் சொல்கிறீர்களே” என்பது அவர்கள் ஆதங்கம். அதை ஒதுக்கித் தள்ள முடியாது. பெண்கள் அந்த நாற்காலிக்கு வர வேண்டும், நிறையப் பேர் வர வேண்டும்.

ஆனால் மேலாளரின் வேலையாகவே எடுத்துக்கொண்டாலும், எதிர்த்தரப்பை அறியாதவர் மோசமான மேலாளர்தான். ஆலைத் தளத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காததால் ஓர் உயிர் போயிற்று. அதன் பிறகுதான் உலக நிறுவனங்கள் மேசைக்கு வந்தன. ஒரு தரப்பை மட்டுமே படித்துத் தேறியவர்களின் தோல்வி அது.

இன்னொன்றும் இருக்கிறது. நாற்காலிக்கு வரும் பெண் அங்கே தனியாள். ஹெய்டியை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் அவளையும் பார்ப்பார்கள். கண்டிப்பாக இருந்தால் அடாவடி, மென்மையாக இருந்தால் லாயக்கில்லை. அவளுக்கு அங்கே துணை வேண்டும். அது மேலே இருப்பவர்களிடமிருந்து மட்டும் வராது. கவுண்டரில் நிற்பவளையும் தையல் எந்திரத்தில் இருப்பவளையும் செலவாகவே பார்க்கப் பழகிவிட்டால், அந்தத் துணையை அவள் தானே இழந்துவிடுகிறாள்.

ஆகவே மேலாண்மை படிக்கும் தோழிகளுக்குச் சொல்ல விரும்புவது நடைமுறை சார்ந்தது. கேஸ் முறையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மனப்பாடக் கல்விக்கு அது எவ்வளவோ மேல், விவாதிக்கக் கற்றுத்தருகிறது. அந்த விவாதத்தை அதன்மேலேயே திருப்பலாம். அடுத்த கேஸைப் படிக்கும்போது பென்சிலால் மூன்று குறிப்புகள் எழுதுங்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை. யாருடைய நேரம் விலை உயர்ந்தது என்று கதை சொல்கிறது, அந்த நேரத்தை மிச்சப்படுத்தத் தன் நேரத்தைத் தருபவர் யார். கடைசிக் கேள்வியை இந்தக் கதையில் வரும் வேறொருவர் கேட்டால் எப்படிக் கேட்பார். பிறகு வகுப்பில் கை உயர்த்துங்கள். ஆசிரியர் “நீங்கள் அவர் இடத்தில் இருந்தால்” என்று தொடங்கும்போது, “யார் இடத்தில்?” என்று கேளுங்கள்.